ஈரநிலத்தை அழித்தால் இழப்பீடு எவ்வளவு?

கேள்வி: ஒரு நாடு இன்னொரு நாட்டின் ஈரநிலத்தை அழித்துவிட்டால் எதை வைத்து விலை போடுகிறார்கள்? வெட்டிய மரத்துக்கு மட்டும்தானா?

பதில்: மரத்தோடு நிற்பதில்லை. சர்வதேச நீதிமன்றம் இப்படி ஒரு கணக்கை முதன்முதலாகப் போட்டது கோஸ்டா ரிகா – நிகரகுவா வழக்கில். தீர்ப்பு நாள் 2018 பிப்ரவரி 2. ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் பாதுகாக்கப்படும் கோஸ்டா ரிகாவின் ஈரநிலத்தில் நிகரகுவா வாய்க்கால்கள் வெட்டி, மரங்களையும் சாய்த்திருந்தது. சுற்றுச்சூழலுக்கு நேர்ந்த சேதமே தன்னளவில் இழப்பீட்டுக்கு உரியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இழுபறி எல்லாம் தொகையில்தான்.

கோஸ்டா ரிகா ஆறு இனங்களில் கேட்டது: மரம்; நார், எரிபொருள் போன்ற மூலப்பொருள்கள்; காற்றின் தரம்; இயற்கைச் சீற்றத் தணிப்பு; மண் உருவாக்கமும் அரிப்புத் தடுப்பும்; உயிரின வாழிடம். வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளின் மதிப்பை எடுத்து 50 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டதில் சுமார் 28.8 லட்சம் டாலர் வந்தது. ஒருமுறை வெட்டிய மரத்தை ஆண்டுதோறும் வெட்டியதாக எழுதலாமா என்று நிகரகுவா கேட்டது, நியாயமான கேள்விதான். ஆனால் அதன் கணக்கு இன்னும் மோசம். வாழிடத்தைக் காக்க நில உரிமையாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையை அளவுகோலாக்கி, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 309 டாலர் என்றது. காப்பதற்குத் தரும் தொகை, அழிந்ததன் மதிப்பாகிவிடாது.

இந்தச் சுற்றுச்சூழல் சேதத்துக்குக் கிடைத்தது 1,20,000 டாலர். சீற்றத் தணிப்பும் மண் இனமும் ஆதாரமின்றி விழுந்தன. எல்லாமே மீள 50 ஆண்டு ஆகும் என்ற அனுமானமும் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் மீளும் வேகம் வேறு. சேதத்தின் அளவைத் துல்லியமாகக் காட்ட முடியாதது இழப்பீட்டுக்குத் தடையல்ல என்று நீதிமன்றம் சொன்னது நல்ல விதி. ஆனால் மொத்தமாக மதிப்பிட்டதால், எந்த இனத்துக்கு எவ்வளவு என்று தீர்ப்பில் பிரித்துக் காட்டவில்லை. அடுத்து வழக்குப் போடும் நாட்டுக்கு இது பெரிய குறை. அழிவுக்கு முந்தைய செயற்கைக்கோள் படம், மரக் கணக்கெடுப்பு, மண் அளவீடு இவற்றை இனம் வாரியாகக் கையில் வைத்திருப்பதே வழி.

கேள்வி: டேங்கர் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினாலும் இதே முறையா?

பதில்: இல்லை. டேங்கர் எண்ணெய் மாசுக்கான இழப்பீடு பற்றிய 1992 உடன்படிக்கையின்படி, வருமான இழப்பு தனி. சுற்றுச்சூழல் சேதத்துக்கு, மீட்பதற்கு உண்மையில் செய்த அல்லது செய்யப்போகும் நியாயமான பணிகளின் செலவு மட்டுமே. செத்த மீனுக்கு இவ்வளவு, லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு என்ற சூத்திரக் கணக்கைச் சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதியம் ஏற்காது. சேதத்தை உறுதிசெய்யவும் மீட்பு தேவையா என்று பார்க்கவும் நடத்தும் ஆய்வின் செலவைக் கேட்கலாம். ஆகவே ஆய்வைத் தொடங்குமுன்பே நிதியத்தின் நிபுணர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது.