சபையர் படிகத்துக்குள் நானோ வரிகள்: விரிசல் வந்தால் பவரைக் கூட்டாதீர்கள்

கேள்வி: 1030 நானோமீட்டர் ஃபெம்டோசெகண்ட் லேசரில் (மிக மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை, அதாவது பல்ஸ்களை, விடும் லேசர்), சிலிக்கா கண்ணாடிக்குள் நானோ கிரேட்டிங், அதாவது சீரான இடைவெளியில் அமையும் நுண்ணிய வரிகள், அழகாக வருகிறது. அதே செட்டிங்கில் சபையருக்குள் (நீலக்கல் வகைப் படிகம்) எழுதினால் விரிசல்தான் மிச்சம். பல்ஸ் ஆற்றலைக் கூட்டிப் பார்க்கலாமா?

கூட்டவே கூட்டாதீர்கள், விரிசல் இன்னும் நீளும். 2003-ல் ஷிமோட்சுமா, கசான்ஸ்கி குழுவினர் இந்த வரிகளைக் காட்டியதே சிலிக்கா கண்ணாடியில்தான், அந்தக் கண்ணாடிக்கான எண்கள் சபையருக்கு ஒத்துவராது. லேசர் பட்ட இடத்தில் சபையர் படிக ஒழுங்கை இழக்கிறது, அடர்த்தி குறைந்து கூடுதல் இடம் கேட்கிறது. சுற்றியுள்ள படிகமோ சிலிக்காவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விறைப்பானது, சூட்டில் விரிவதும் பத்து மடங்கு அதிகம். அது வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும்.

அதனால் விரிசல் நிற்கும் வரை ஆற்றலை இறக்குங்கள், பல்ஸ் எண்ணிக்கையை ஏற்றுங்கள். முந்தைய பல்ஸ் விட்டுச்சென்ற குறைகளில் அடுத்த பல்ஸ் அதிகமாக உறிஞ்சப்பட்டு, வரிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒழுங்குக்கு வருகின்றன. 10 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 10,000 பல்ஸ்), துண்டைத் தாங்கும் ஸ்டேஜை நொடிக்கு 0.1 மில்லிமீட்டர் நகர்த்தினால் பல்ஸுக்குப் பல்ஸ் 10 நானோமீட்டர் இடைவெளி. குவியப் புள்ளி 1.5 மைக்ரான் என்றால் ஒவ்வொரு இடத்திலும் 150 பல்ஸ் விழும். தொடங்குவதற்கு இது போதும். மெகாஹெர்ட்ஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், சூடு தேங்கும்.

ஆழமும் முக்கியம். சபையரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.76, ஆழம் போகப் போகக் குவியம் நீளவாக்கில் இழுபடும், வரி மங்கும், உடனே கை பவர் குமிழுக்குப் போகும். மேற்பரப்பிலிருந்து 50 மைக்ரானுக்குள் எழுதிப் பழகுங்கள்.

அப்புறம், துண்டு எந்த வெட்டு? சி-கட் (ஒளியியல் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டியது) என்றால் ஒளி ஒளியியல் அச்சு வழியே இறங்கும், ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகும் இரட்டை விலகல் தொல்லை இல்லை. ஏ-கட்டில் (அந்த அச்சு துண்டின் மேற்பரப்பிலேயே படுத்திருக்கும்) போலரைசேஷனை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, படிக அச்சோடு சரியாகப் பொருத்தாவிட்டால் அது ஆழத்துக்கு ஆழம் மாறிக்கொண்டே போகும், நீங்கள் மேலே வைத்தது குவியத்தில் இருக்காது. யாக் படிகம் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை, அது கியூபிக் படிகம், எந்தத் திசையிலும் ஒளிக்கு ஒன்றுபோல.

வந்திருப்பது கிரேட்டிங்தானா என்று தெரிந்துகொள்ள நான் நம்பும் சோதனை ஒன்றுதான். அரை அலைத் தட்டை (போலரைசேஷனைத் திருப்பும் தட்டு) 45 டிகிரி திருப்பி இன்னொரு கோடு எழுதுங்கள். போலரைசேஷன் 90 டிகிரி திரும்பும், அதற்குச் செங்குத்தாக அமையும் வரிகளும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாமல் படிகத் தளங்களின் திசையிலேயே நின்றால் அது வெறும் விரிசல்.

வரிகளின் இடைவெளி, லேசர் அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணின் இருமடங்கால் வகுத்தது, அதாவது 290 நானோமீட்டர் அளவில் இருக்கும். பல்ஸ் கூடினால் குறையவும் செய்யும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியாது. எழுதிய ஆழம் வரை மேலிருந்து பாலிஷ் செய்து, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் சிறிது நேரம் வையுங்கள். ஒழுங்கு இழந்த பகுதி கரையும், படிகம் அப்படியே நிற்கும். மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். அந்த அமிலத்தைத் தனியாளாக ஒருபோதும் தொடாதீர்கள், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.