பழைய இடிஐ-யை ஏபிஐ-க்கு மாற்றலாமா?

கேள்வி: ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் பழைய இடிஐ (நிறுவனங்கள் வணிக ஆவணங்களை நிலையான வடிவில் கணினி வழியே பரிமாறும் முறை) மென்பொருளில், கட்டண நெட்வொர்க் வழியே போகின்றன. மொத்தமாக ஏபிஐ-க்கு (மென்பொருள்கள் நேரடியாகத் தகவல் கேட்டுப் பெறும் இணைப்பு) மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் பெரிய வாடிக்கையாளர்தான் முடிவு செய்கிறார்; அவர் எக்ஸ்12 என்ற இடிஐ வடிவத்தைக் கேட்டால் அதைத்தான் கொடுத்தாக வேண்டும். மாற்ற வேண்டியது உள்பக்கம். உங்களுக்கென ஒரு பொது ஆர்டர் வடிவத்தை வகுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளரின் 850-ஐயும் (எக்ஸ்12-இன் கொள்முதல் ஆர்டர்) அதற்கு மேப் செய்யுங்கள், அதாவது எந்தப் புலம் எதற்குப் போகும் என வகுத்துவிடுங்கள். அதிக ஆர்டர் தருபவர்களுக்கு நேரடி ஏஎஸ்2 (இணையம் வழியே கோப்பைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) இணைப்பு, மற்றவர்களுக்குப் பழைய நெட்வொர்க்கே போதும். இருப்பு நிலவரம், சரக்கு நகர்வு போல உடனுக்குடன் தேவைப்படுவதற்கு ஏபிஐ பொருத்தம்.

மாற்றும்போது பழைய மேப்பையும் புதியதையும் ஒரே கோப்பில் ஓட்டி, புலம் புலமாக ஒப்பிடுங்கள். புதியதன் வெளியீடு சோதனைத் தளத்துக்கு மட்டுமே போகட்டும். இல்லையேல் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும். 850-இல் ஒவ்வொரு பொருளையும் குறிக்கும் பிஓ1 வரியில் அளவு 10, அலகு சிஏ (பெட்டி) என்றால் பத்துப் பெட்டி; பெட்டிக்கு 24 என்றால் 240 உருப்படி. மேப் அலகை விட்டுவிட்டால் பத்தே உருப்படிதான் கிளம்பும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து.

இன்னொன்று: ஏஎஸ்2-இன் பெறுகை ரசீதான எம்டிஎன் பிழையின்றி வந்தால் கோப்பு சேர்ந்தது என்று பொருள். எக்ஸ்12-இன் ஒப்புகை ஆவணமான 997 'ஏற்பு' என்று வந்தால் கோப்பின் இலக்கணம் சரி. ஆர்டரை விற்பவர் ஏற்றாரா என்பதை, அவர் அனுப்பும் பதில் ஆவணமான 855தான் சொல்லும். மூன்றையும் தனித்தனியே கண்காணியுங்கள். ஏஎஸ்2 சான்றிதழ் காலாவதியாகும் தேதியையும் குறித்து வையுங்கள்; நன்றாக ஓடும் இணைப்பு திடீரென நிற்க அடிக்கடி அதுவே காரணம்.