பேசியது இருவர், வெளியே போனது ஒருவன்

வணக்கம் ஐயா,

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பினப் பையன். இருவரும் பாடத்துக்கு நடுவே பேசிக்கொள்வார்களாம். டீச்சர் இவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடுகிறார், அவனை மட்டும் அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அடிமைமுறை பற்றிய பாடத்தன்று எல்லோர் முன்னும் அவனிடம், "இதைக் கேட்க உனக்கு எப்படி இருக்கிறது?" என்றாராம். ஆனால் அவர் அன்பானவர். இதை இனவெறி என்று சொல்லலாமா? "நம் பிள்ளைக்கு ஒன்றுமில்லையே, நமக்கெதற்கு" என்கிறார் கணவர்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியையின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். ஒரே பேச்சுக்கு இரண்டு தீர்ப்பு கிடைத்ததை உங்கள் மகள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அது போதும்.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரஸல் ஸ்கிபாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பெருநகரப் பள்ளிகளின் தண்டனைப் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அனுப்பியது புகைபிடித்ததற்கு, பொருளை நாசம் செய்ததற்கு, கெட்ட வார்த்தை பேசியதற்கு. கறுப்பினப் பிள்ளைகளை அனுப்பியது மரியாதை இல்லை, சத்தம் அதிகம், மிரட்டுகிறான், சும்மா திரிகிறான் என்று. சிகரெட்டை எடுத்துக் காட்டலாம். மரியாதைக் குறைவை எப்படிக் காட்டுவது? அங்கே ஆசிரியரின் காதுதான் சாட்சி, நீதிபதியும் அதுவே. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறார். அடுத்த முறை அவன் போகும்போது பழைய சீட்டு அங்கே காத்திருக்கிறது. 2013-14 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம்.

அன்பானவர் என்கிறீர்கள். நம்புகிறேன். 2016இல் யேல் பல்கலைக்கழகத்தினர் மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் காணொளிகளைக் கொடுத்து, சேட்டை வருகிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள். அவற்றில் சேட்டையே கிடையாது. ஆனாலும் ஆசிரியர்களின் கண் கறுப்பினச் சிறுவன் மேலேயே அதிகம் நின்றது. கறுப்பின ஆசிரியர்களின் கண்ணும் விலக்கல்ல. அவர்களெல்லாம் கெட்டவர்களா என்ன?

பாடத்தன்று நடந்தது எனக்கு இதைவிடக் கசக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனை ஓர் இனத்தின் முழுத் துயரத்துக்கும் பதில் சொல்ல நிறுத்துவது கொடுமை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர், கறுப்பின மாணவர்களையே அடிமைகளாக நிறுத்தி ஏலம் விடும் நாடகம் நடத்தி, 2019இல் அது மாநில அட்டர்னி ஜெனரல் வரை போனது.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: நம் பிள்ளைக்கு ஒன்றுமில்லாமல் இல்லை, லாபம் இருக்கிறது. இந்தியப் பெண், படிக்கிற பெண் என்ற முன்முடிவுதான் அந்தச் சிரிப்பு. இன்னொன்றும் உண்டு. நம்மவர்களுக்கு அங்கே கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டுப் போராடி வென்ற 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக வந்தது.

முதலில் அந்தப் பையனின் தாயைப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போகாதீர்கள், சுமை அவன் தலையில்தான் விழும். அவர் சம்மதித்தால், இனவெறி என்ற சொல்லே இல்லாமல், எந்த நாள் யார் பேசினார்கள், யாரை அனுப்பினார்கள் என்று மட்டும் எழுதி ஆசிரியைக்கு அனுப்புங்கள். மாறவில்லையென்றால் அதே தாளைப் பள்ளி முதல்வரிடம் கொடுங்கள்.