பிரம்மாண்டம்: ஒரு முட்டையின் கதை

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி ஒரே சொல்லைப் பற்றி. பதில்களை இங்கே சேர்த்தே தருகிறேன்.

கேள்வி: பிரம்மாண்டம் என்றால் ரொம்பப் பெரியது, அவ்வளவுதானே? நடுவில் பிரம்மா எங்கே வந்தார்?

பதில்: முட்டையோடு வந்தார். பிரம்மம், அண்டம் இரண்டும் சேர்ந்த சொல் இது. அண்டம் என்றால் முட்டை. உலகங்கள் எல்லாம் அடங்கிய ஒரு முட்டை என்று புராணங்கள் சொல்லும். பதினெண் புராணங்களில் ஒன்றின் பெயரே பிரம்மாண்ட புராணம். அதாவது முதலில் இது பிரபஞ்சத்தின் பெயர். அதைவிடப் பெரியது எதுவும் இல்லை என்பதால், பெரிதாக எதைக் கண்டாலும் பிரம்மாண்டம் என்று சொல்லப் பழகிவிட்டோம். ‘அண்டத்தில் உள்ளது பிண்டத்தில்’ என்பதிலும் இதே அண்டம்தான். இப்போது ஆடித் தள்ளுபடியும் பிரம்மாண்டம், கல்யாணப் பந்தலும் பிரம்மாண்டம். பாவம் பிரம்மா.

கேள்வி: பிரமாண்டம் என்றும் எழுதுகிறார்களே?

பதில்: எழுதலாம். பிரம்மாவைப் பிரமன் என்பது தமிழில் பழைய வழக்கம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள், போதும்.

கேள்வி: ‘மிகப் பிரம்மாண்டமான’?

பதில்: பிரபஞ்சத்துக்கு ‘மிக’ எதற்கு?

கேள்வி: ‘அது என்ன பிரமாதம்!’ என்பார் என் தாத்தா. இது பிரமாண்டத்தின் சுருக்கமா ஐயா?

பதில்: இல்லை. இது வேறு சொல். சமஸ்கிருதத்தில் பிரமாதம் என்றால் கவனப்பிசகு, தவறு. தமிழுக்கு வந்தபின் ‘பெரிய விஷயம்’ ஆகி, அப்புறம் ‘அருமை’யும் ஆகிவிட்டது. சமையல்காரர் சமஸ்கிருதம் படித்தவர் என்றால் ‘சாப்பாடு பிரமாதம்’ என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: ‘தண்ணீர்ப் பிரச்சினை பிரம்மாண்டமாகிவிட்டது’ என்று செய்தி எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார்.

பதில்: சரியாகத்தான் அடித்திருக்கிறார். பிரம்மாண்டம் என்றால் பார்த்து வாய் பிளக்க வேண்டும்: மேடை, கோபுரம், மாநாட்டுக் கூட்டம். பிரச்சினை என்றால் பூதாகரமாகும். பூதத்தின் உருவம் என்பதால் அதில் அச்சம் இருக்கிறது. அல்லது விஸ்வரூபம் எடுக்கும். கீதையின் 11ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் கண்டு நடுங்கிய வடிவத்தை இன்று தக்காளி விலைகூட எடுக்கிறது! ஓட்டங்கள் குவிந்தால் இமாலய இலக்கு. ராட்சத என்பது இரண்டுங்கெட்டான். ராட்சத அலை என்றால் ஓடுவோம், ராட்சத ராட்டினம் என்றால் சீட்டு வாங்குவோம்.

கேள்வி: இதற்கு நல்ல தமிழ்ச் சொல்?

பதில்: ‘பெரு’ இருக்கிறதே. மெய்யெழுத்துக்கு முன் பெருவெள்ளம், பெருங்கூட்டம். உயிரெழுத்துக்கு முன் பேரலை, பேரிடர். ‘மா’வுக்கும் பெரியது என்ற பொருள் உண்டு. எனவே மாபெரும் என்பது ஒன்றையே இருமுறை சொல்வது, ஆனாலும் காதுக்கு நன்றாக இருக்கிறது. என்னைக் கேட்டால் ‘பெரிய’ என்பதே பல இடங்களில் போதும். தஞ்சாவூரில் ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல். ஊர்க்காரர்கள் அதை ‘பெரிய கோயில்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கேள்வி: பேச்சில் யாராவது பிரம்மாண்டம் என்கிறார்களா?

பதில்: குறைவுதான். சென்னையில் ‘எம்மாம் பெருசு!’ தெற்கே போனால் ‘ஆனைத் தண்டி’. கையை அகல விரிக்காமல் அதை யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.