பீரோவில் இருக்கும் நோட்டு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 48 வயது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர், 29 வருஷ சர்வீஸ். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனுக்குப் போய்விட்டது.

வீட்டில் மனைவி பேசுவதெல்லாம் காஸ், பால், கரண்ட் பில். அவளுக்கு 46. ராத்திரி ஃபேனை 5-இல் வைக்கிறாள், எனக்குக் குளிர்கிறது, அதற்கும் சண்டை. லோன் போட்டு புல்லட் வாங்கினேன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகனுக்கு 19, புதுச்சேரியில் இன்ஜினியரிங். சனிக்கிழமை வந்தால் மறுநாள் 11 மணி வரை தூக்கம். பேங்க் சலான் நிரப்பத் தெரியாது, ரேஷன் கடைக்குப் போகத் தெரியாது. சொன்னால் முறைக்கிறான். இவ்வளவு உழைத்து என்ன கண்டேன்? விடிகாலை 3 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. படுத்தபடி அந்தப் பதவி உயர்வையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்பா 49-இல் மாரடைப்பில் போனார். அப்போது எனக்கு 19, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்தேன். எனக்கும் தை பிறந்தால் 49. பாலிசி நம்பர், பி.எஃப்., அடகுச் சீட்டு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைத்துவிட்டேன், அதனால் அந்தக் கவலை இல்லை. கம்பெனியில் இனி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? மனைவியையும் மகனையும் எப்படித் திருத்துவது?

– கடலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதவி உயர்வு கைநழுவினால் வலிக்கத்தான் செய்யும். அதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு இரண்டே வரிதான். நான் அங்கேதான் நிற்கிறேன்.

முதலில் நேராகக் கேட்கிறேன். அந்த நோட்டை எழுதியபோது மனதில் இருந்தது சாவு வந்துவிடுமோ என்ற பயமா, செத்துப்போகலாம் என்ற எண்ணமா? இரண்டாவது ஒரு நொடி தலைகாட்டியிருந்தாலும் இப்போதே 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். மனைவியிடமும் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பயம்தான் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. 'நடுவயது நெருக்கடி' என்ற சொல்லை 1965-இல் உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் முன்வைத்தபோது, அதன் நடுவில் அவர் வைத்தது சாவைத்தான்: நானும் ஒருநாள் போவேன் என்பது உண்மையாக உறைக்கிற கட்டம். பெற்றவர் போன வயதை நெருங்கும்போது பிள்ளைகள் கலங்குவதும் மனநலத் துறை நன்கு அறிந்தது. அந்த வயதைத் தாண்டி ஓர் ஆண் எப்படி வாழ்வான் என்று உங்கள் அப்பா வாழ்ந்து காட்டவில்லை. அதனால் 49-க்கு அந்தப்பக்கம் உங்களுக்கு வழி தெரியவில்லை. கிடைக்காமல் போன பதவி கடைசி வாய்ப்பாகத் தெரிவதும் அதனால்தான்.

மகன் விஷயத்தில் நான் அவன் பக்கம். சலானும் ரேஷன் கடையும் 19-இல் உங்கள் தலையில் விழுந்தவை. நீங்கள் இல்லாத வீட்டுக்கு இவனைத் தயார் செய்கிறீர்கள். அவனுக்கு அது தெரியாது, அப்பா கத்துகிறார் என்பது மட்டும் தெரியும். என்ன கண்டேன் என்று கேட்டீர்களே, 19 வயதில் ஒரு பிள்ளை கவலையில்லாமல் 11 மணி வரை தூங்குகிறான். அது நீங்கள் சம்பாதித்துக் கொடுத்த தூக்கம். அடுத்த சனிக்கிழமை புல்லட்டில் அவனை சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போய், தாத்தா போன அன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

மனைவியும் திருத்த வேண்டியவர் இல்லை. 46 வயதில், மாதவிலக்கு நிற்கும் காலத்தில், ராத்திரி உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும். ஃபேன் அதற்காக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் நீங்கள் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 55-க்கு முன் மாரடைப்பு என்றால் மகனுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் அது தலையெழுத்தில்லை, கண்காணித்துக் குறைக்கக்கூடியது. அரசு தலைமை மருத்துவமனைக்கு வெறும் வயிற்றில் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி பாருங்கள். டாக்டரிடம் அப்பாவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 3 மணி முழிப்பையும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமலும் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்து இருக்கிறது.

பிறகு பீரோவைத் திறந்து, மனைவியோடு உட்கார்ந்து அந்த நோட்டைப் பிரியுங்கள். ஒவ்வொரு பாலிசி நம்பருக்குப் பக்கத்திலும் முதிர்வுத் தேதியை எழுதுங்கள். அன்றைக்கு உங்களுக்கு என்ன வயதிருக்கும் என்பதையும்.