ஊருக்குள் போகும் பழைய எரிபொருள் குழாய்: எதைக் கேட்க வேண்டும்?

முப்பது வருடத்துக்கு முன் புதைத்த எரிபொருள் குழாய் எங்கள் தெருவை ஒட்டிப் போகிறது, அதைப் பாதுகாப்பாக வைக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் குழாய்ப் பாதையில் ரீடிங் எடுக்கும் வேலையில் சில வருடம் இருந்தவன் நான். குழாயின் வயதைவிட, கடைசியாக அதை எப்போது சோதித்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

எஃகுக் குழாய்க்கு மேல் தார் அல்லது பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறாமலிருக்க, மெல்லிய மின்சாரம் கொடுத்து வைப்பார்கள். வழியில் ஆங்காங்கே நிற்கும் கம்பத்தைத் திறந்து, உள்ளே குழாயிலிருந்து வரும் ஒயரில் மல்டிமீட்டரின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையில் மாட்டிய மயில்துத்தக் கரைசல் குடுவையை ஈரமண்ணில் ஊன்றினால் ரீடிங் வரும். மைனஸ் 850 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே (மைனஸ் 900 மாதிரி) என்றால் சரி. ஒருநாள் ஒரு கம்பத்தில் மைனஸ் 620தான் காட்டியது. அங்கிருந்து அடி அடியாக அளந்து போய்த் தோண்டினால், குழாயில் ஜேசிபி பல் இழுத்த கோடு. அதன்மேல் யாரோ சுற்றிவிட்ட இன்சுலேஷன் டேப்! தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்று பயந்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் 1994-ல் கட்டுமான வேலையில் இப்படி அடிபட்ட 16 அங்குலக் குழாய், 1999 ஜூன் 10 அன்று உடைந்தது. ஏறக்குறைய 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஓடையில் கலந்து தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள், அதில் இருவர் 10 வயதுப் பையன்கள். இதில் கொடுமை, நடுவில் குழாய்க்குள் 'பிக்' (ஆமாம், பன்றியேதான்) என்ற சோதனைக் கருவியை ஓட்டியிருக்கிறார்கள். அது அந்த இடத்தில் குறை இருப்பதைக் காட்டியும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

உள்பக்கத் துரு வேறு கதை. ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலையில் கெயில் என்ற அரசு நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயு போகவேண்டிய குழாயில் ஈரம் கலந்த வாயு போய் உள்ளிருந்தே அரித்திருந்தது. வெளியே ரீடிங் எவ்வளவு நன்றாக வந்தாலும் இது தெரியாது.

அதனால் ஊராட்சி மூலமாகக் கேளுங்கள்: பிக் கடைசியாக எப்போது ஓடியது, அது காட்டிய இடங்களில் எத்தனையைத் தோண்டிப் பார்த்தீர்கள், பக்கத்து வால்வு எங்கே, மூட எத்தனை நிமிடம்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2010-ல் அமெரிக்காவின் சான் புருனோ நகரில் எரிவாயுக் குழாய் வெடித்த பிறகு வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. 1962-ஆம் வருடத்து பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி குழாய்ப் பாதை நிலத்தில் பயிர் வைக்கலாம். வீடு, கிணறு, மரம் கூடாது. குழாய்ப் பாதையில் நிற்கும் மஞ்சள் பலகையில் உள்ள போன் நம்பரை ஊரில் உள்ள ஜேசிபிக்காரர், போர்வெல் வண்டிக்காரர் எல்லோருக்கும் கொடுத்து வையுங்கள். இடித்துவிட்டேன் என்று சொல்ல வருபவரை முதலில் திட்டாமல் இருங்கள்.

புல் வட்டமாகக் கருகியிருந்தாலோ, தேங்கிய தண்ணீரில் குமிழி வந்தாலோ, 'உஸ்' என்று சத்தம் கேட்டாலோ பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று வரும் பக்கமாக நடந்தே வெகுதூரம் தள்ளிப் போய், அப்புறம் போனை எடுங்கள்.