முகம் ஒன்று, பெயர் வேறு

கேள்வி: மகன் டவுன்ஹால் ரோட்டில் ஒரு வாட்ச் வாங்கி வந்தான். கறுப்பு டயல், சுற்றித் திருகும் வளையம், அப்படியே ரோலெக்ஸ் சப்மரைனர். பெயர் மட்டும் வேறு கம்பெனி. இதுவும் டூப்ளிகேட்தானே?
(திருமங்கலம் வாசகர்)

பதில்: இல்லை ஐயா, தாராளமாகக் கட்டச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் முங்குபவர் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்க வந்தது அந்த வளையம். பிளான்பெயின் என்ற சுவிஸ் கம்பெனியின் முங்குகிற வாட்ச் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் 1953-இல் வந்தது. சப்மரைனரும் அதை ஒட்டியேதான். இரண்டிலும் கறுப்பு டயல், இரண்டிலும் வளையம். சீக்கோ, கேசியோ எல்லாம் பிறகு அந்த வழியில் வந்தவைதான். நம் நாட்டில் டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, நீட்டித்தால் 15; அதன்பின் அந்த முகத்தை மற்றவர்களும் போடலாம். பெயரும் சின்னமும் அப்படியில்லை, புதுப்பித்துக்கொண்டே போகலாம். அடுத்தவர் பெயரைப் போட்டு விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

எனக்கு வயிறு எரிவது பெரிய கம்பெனியின் பெயரையே போட்டு 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று விற்கிறார்களே, அதைப் பார்த்துத்தான். டயலில் மூன்று குட்டி வட்டம், அதில் முள்ளும் இருக்கும். ஓடாது, ஒட்டி வைத்தது. 'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருக்கும், அதாவது செல் இல்லாமல் கை அசைவிலேயே ஓடுவது. பின்மூடியைத் திறந்தால் செல். பெரிய கேஸுக்குள் சின்ன மிஷின், ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வெள்ளை பிளாஸ்டிக். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் ரிங் பல சமயம் இருப்பதே இல்லை. கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் மகன் வாங்கியதில் கம்பெனி தன் பெயரைப் போட்டிருக்கிறது, கேட்க ஆள் உண்டு.

ஒன்று மட்டும் பாருங்கள். பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் மழைக்கும் கை கழுவவும் சரி. முங்குகிற வாட்ச் மாதிரி இருக்கிறதே என்று அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ஹெச்.எம்.டி. பைலட் புத்தம்புதிதாக, ஆரஞ்சு டயலில் வருகிறது. வாங்கலாமா?
(மேலூர் வாசகர்)

பதில்: அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசே முடிவெடுத்துவிட்டது. அதனால் 'புத்தம்புதிது' என்றால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் பழைய மிஷின், புதிதாக அச்சடித்த டயல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் மை பரவியிருக்கும். டயல் மாற்றியது என்று விற்பவரே சொல்லி, விலையும் அதற்குத் தக்கபடி இருந்தால் வாங்குங்கள். அசல் என்று சாதித்தால், மிஷினைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; மறுத்தால் விட்டுவிடுங்கள்.